வருடையும் வரைப்புல்லும்

மலையென்றால் அதன் உச்சியில் மனிதர் கண்டிராத பிராணி ஒன்று வாழ்ந்தே தீரவேண்டும் என்று எண்ணுவது சமவெளியில் வாழ்வோரின் தொன்மையான சுபாவம். சிங்கத்தின் உடலும் யானையின் துதிக்கையும் கொண்ட யாளியை மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் வரிசை வரிசையாகக் காண்கிறோம். நரசிம்மத்தின் உக்கிரத்தை அடக்க வந்த சரபத்தைத் திருபுவனத்திலும் தாராசுரத்திலும் தெய்வமாகவே வைத்து வழிபடுகிறோம். இவற்றைக் கற்பித்த மனம் சாமானியமானதன்று. ஆயினும் இக்கற்பனைப் பிராணிகளை ஒருசேர வைத்து நோக்கும்போது ஒரு பொதுத்தன்மை புலனாகிறது: அவை அனைத்தும் போர் செய்பவை, பிற உயிரை அடர்ப்பவை. மலைமீது புல்லை மேய்ந்து, பாறைத் தட்டில் படுத்து, ஒருவரையும் துன்புறுத்தாமல் வாழும் சாதுவான பிராணியைச் சிருஷ்டிப்பதில் நம் சிற்பிகளின் நாட்டம் செல்லவில்லை.

அப்படி ஒன்றை யாரேனும் கற்பித்திருந்தால், அதற்கு என்னென்ன இலட்சணங்களைத் தந்திருப்பார்? செங்குத்தான பாறையில் வழுக்காமல் ஏறும் குளம்பு. மேகம் வந்து மூடும் உயரத்தில் குடியிருப்பு. உலகத்தில் வேறெங்கும் இல்லாமல் ஒரே ஒரு மலைத்தொடருக்கு மட்டும் உரிய பிறப்பு. இத்தனையும் பொருந்திய உயிர், கற்பனையில் அன்று, காரியாபட்டி அமைந்த விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் மேலே உயர்ந்து நிற்கும் மலைகளில் வாழ்ந்துகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாடு அது. இப்பிராணியைப்பற்றி நம் புலவர்கள் அறிந்தது என்ன, விஞ்ஞானிகள் கண்டது என்ன, அதன் தொகை எவ்வாறு குறைந்தது, இன்று அதன் கதி எதைப் பொறுத்து நிற்கிறது என்பவற்றை ஒருங்கே பரிசீலிப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

சங்கப் புலவர்கள் இதனை வருடை என்று அழைத்தனர். குறிஞ்சித்திணைக்குப் பெயர்பெற்ற கபிலர், குறுந்தொகையில் தாய்மடியில் சுரந்த பாலை வயிறாரக் குடித்த வருடைக் குட்டி பெருமலையின் நிழலில் துள்ளித் திரிவதைக் காட்டுகிறார். ஐங்குறுநூற்றில் உயர்ந்த வரையின்மேல் நிற்கும் அதன் கால்கள் குட்டையானவை என்று குறிக்கிறார். இந்த இரண்டு செய்திகளும் கண்ணால் கண்டவர் சொல்லக்கூடியவை. மான்போல் நீண்ட மெல்லிய காலன்று வரையாட்டுக்கு. கட்டுடலுக்குக் கீழே தடித்துக் குறுகிய கால்கள். கடும் மழைக்காலம் கழிந்து பனி குறையத் தொடங்கும் தை, மாசியில் குட்டி பிறந்து, முதல் சில வாரங்களைத் தாயை ஒட்டிய பாறைகளிலேயே கழிக்கிறது. ஆகையால், கபிலர் மலைவாணரின் வாய்மொழியைக் கேட்டு எழுதினாரோ, தாமே பறம்பின் நாட்டு மலைகளுக்கு அப்பாலும் ஏறிப் பார்த்தாரோ, எவ்வாறாயினும், அவர் பாட்டில் இருப்பது வழிவழிவந்த வருணனை மட்டுமன்று என்பது என் துணிபு.

சிலப்பதிகாரத்துக் காட்சிக்காதைக்கு வரும்போது நிலை சிறிது மாறுகிறது. சேரன் செங்குட்டுவனுக்கு மலைநாட்டார் கொண்டுவந்து குவித்த காணிக்கைகளின் நெடும்பட்டியலில் புலிக்குருளையும் யானைக்கன்றும் குரங்குக்குட்டியும் கரடியும் மான்குட்டியும் இருக்க, அவற்றின் நடுவே வருடையும் வருகிறது. அதே பட்டியலில் யாளியும் இடம்பெறுகிறது. கண்ட உயிரும் கருதிய உயிரும் ஒரே வரிசையில் நின்று அரசனை வணங்குகின்றன. பரிபாடலோ வருடையை வானத்திலேயே ஏற்றிவிட்டது. பதினொராம் பாடலில் கிரகநிலை கூறுமிடத்து மேஷ ராசிக்கு வருடை என்பதே பெயர். பிற்கால அகராதி மரபில் வருடைக்குச் சரபம் என்ற பொருளும் ஏறி, எட்டுக் கால்களும் வந்து சேர்ந்தன. கபிலரின் குறுங்கால் ஆட்டை எட்டுக்கால் பிராணியாக மாற்றியது புலவரின் அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. மலைக்கும் ஊருக்கும் இடையே இருந்த போக்குவரத்துக் குறைந்து, தேனும் அகிலும் கொண்டுவந்த குறவர் குடியின் வாய்மொழி சமவெளிப் பள்ளிகளை எட்டாமற்போன காலங்களில், பெயர் மட்டும் ஏட்டில் தங்க, பிராணி மறைந்த இடத்தைக் கற்பனை நிரப்பியது. மலையடிவாரத்துப் பேச்சுமொழி மட்டும் தன் போக்கில் வரையாடு என்பதைக் கைவிடாமல் காத்துவந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடிக்கு அருகே வரையாட்டுமொட்டை என்றே ஒரு குன்று இன்றும் நிற்கிறது.

மேலைநாட்டு விஞ்ஞானம் இதனைப் பதிவு செய்தது 1838ஆம் ஆண்டையொட்டி, பெயரிட்டவர் ஆகில்பி. நீலகிரியில் வேட்டையாடிய வெள்ளையர்கள் ஆல்ப்ஸ் மலையின் காட்டாட்டை நினைத்து இதனை நீலகிரி ஐபெக்ஸ் என்றே வெகுகாலம் வழங்கினர். பின்னர், தார் என்று ஆங்கிலத்தில் வழங்கும் மலையாடுகளாகிய இமயத்துத் தார், அரேபியத்துத் தார், தென்னிந்தியத்துத் தார் என்ற மூன்றையும் ஒரே பேரினத்தில் அடக்கினர் ஆராய்ச்சியாளர்கள். இவற்றுள் அரேபியத் தாருக்கு மஸ்கட் நகரில் மருத்துவராய் இருந்த ஆத்மாராம் சதாசிவ் ஜெயகர் என்ற இந்தியரின் பெயரே சூட்டப்பட்டது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. 2005இல் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது இந்த ஏற்பாடு குலைந்தது. மூன்றும் உடன்பிறப்புகள் அல்ல. தென்னாட்டு வரையாடு வெள்ளாட்டின் கிளையைவிடச் செம்மறியின் கிளைக்கே நெருங்கியது என்று தெரிந்து, அதற்கு நீல்கிரிட்ராகஸ் என்ற தனிப் பேரினம் வகுக்கப்பட்டது. அப்பேரினத்தில் இந்த ஓர் இனத்தைத் தவிர வேறில்லை. வெவ்வேறு வம்சத்தில் தோன்றிய பிராணிகளைச் செங்குத்துப் பாறை என்னும் ஒரே ஆசிரியன் ஒரே வடிவத்துக்குப் பழக்கியிருக்கிறான் என்பதே இதிலிருந்து பெறப்படும் உண்மை.

காரியாபட்டி, அருப்புக்கோட்டை, சாத்தூர் வட்டாரங்களில் ஆடு வளர்ப்போர் இப்பிராணியைப் பார்த்தால் அவர்கள் கண்ணில் முதலில் படுவது என்னவாக இருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. கிடாய்க்குத் தாடி இல்லை என்பதை உடனே சொல்லிவிடுவார்கள். மடியைப் பார்த்தால், இமயத்துத் தாருக்கு நான்கு காம்பு இருக்க, இதற்கு இரண்டே காம்பு. நம் கரிசல்காட்டுக் கன்னி ஆடு ஐந்து மாதச் சினையில் இரண்டு குட்டி ஈனுவது வழக்கம். வரையாடோ ஏறக்குறைய ஆறு மாதம் சுமந்து ஒரே குட்டியை ஈனும். சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்லும் வியாபாரிக்கு இங்கே அந்தச் சாமர்த்தியம் வேண்டுவதில்லை. பின்னோக்கி வளைந்த கொம்பில் ஆண்டுக்கொன்றாக விழும் வளையங்களை எண்ணிவிடலாம். முதிர்ந்த கிடாய் 80 முதல் 100 கிலோ வரை எடையிருக்கும். பெட்டை அதில் பாதி. இளங்கிடாய்களின் சாம்பல் பழுப்பு நிறம் வயது ஏற ஏறக் கருத்து, இறுதியில் முதுகின்மேல் மட்டும் வெள்ளி படர்ந்து, சேணம் போர்த்தினாற்போன்ற தோற்றம் உண்டாகிறது.

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில், ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவை ஒட்டி, வரையாடுகள் சாலையோரத்துக்கே இறங்கி வருவதுண்டு. அங்கே ஒரு பெட்டையை மிக அருகில் நின்று கவனிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கைப்பிடிச் சுவருக்கு அப்பால் பாறை நேர்க்குத்தாக இறங்கியது. அந்தப் பாறையில் ஒரு சாண் அகலமுள்ள விளிம்பில் அது முன்னங்கால் இரண்டையும் பதித்தபோது குளம்பின் இரு விரல்களும் அகன்று விரிந்தன. கடினமான வெளிவிளிம்பு கல்லின் பிளவைப் பற்ற, உள்ளே இருக்கும் மெத்தென்ற பகுதி பாறையோடு அழுந்தியது. பிறகு உடலின் பாரம் முழுவதையும் அந்த இரண்டு கால்களில் இறக்கி, தலையைத் தாழ்த்தி, பிளவில் முளைத்த புல்லைக் கடித்து இழுத்தது. அதன் பார்வை இடையிடையே கீழ்நோக்கியே சென்றது. சிறுத்தையும் செந்நாயும் பெரும்பாலும் கீழிருந்தே வரும் என்பது அதன் வம்சம் அறிந்த பாடம். அபாயம் தெரிந்தால் கூரிய சீழ்க்கை ஒன்று எழுப்பி, மந்தை முழுவதும் மேல்பாறைக்கு ஏறிவிடும். மேலிருந்து வருபவனை அது அவ்வளவாகச் சந்தேகிப்பதில்லை. துப்பாக்கியோடு வந்தவர்கள் இந்தப் பலவீனத்தை அறிந்தே உச்சிக்குப் போய் இறங்கினார்கள்.

வேட்டையின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரியில் வரையாடுகள் கண்மண் தெரியாமல் சுடப்பட்டுச் சில மந்தைகளாய்க் குறுகிவிட, 1879இல் வேட்டைப் பிராணிகளையும் மீன்களையும் காக்க நீலகிரிக்கென்றே சென்னை அரசாங்கம் ஒரு சட்டம் இயற்றியது. மூணாறுக்கு மேலே, ஹாமில்டன் பீடபூமி என்று வழங்கிய இரவிகுளத்தைத் தேயிலைத் தோட்டத்துத் துரைமார்கள் தங்கள் வேட்டைக்கென ஒதுக்கிவைத்து, முதுவர் குடியினரைக் காவலராய் அமர்த்தியிருந்தனர். வேட்டைக்காக ஒதுக்கிய இடமே பின்னர் அவ்வினத்தின் பிரதான அடைக்கலமாயிற்று. அது 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. நீலகிரியின் முக்குருத்தி 1982இல் சரணாலயமாகி 1990இல் தேசியப் பூங்காவாயிற்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வரையாட்டுக்கு இடம் தரப்பட்டபின், சட்டத்தின் கண்ணில் இனி அதற்குத் தரவேண்டிய காவல் ஒன்றும் பாக்கியில்லை.

இப்பிராணியைச் சுடாமல் பார்க்கும் வழக்கத்தைத் தொடங்கியவர்களுள் முதல்வராக நான் மதிப்பது, குன்னூரில் வழக்கறிஞராயிருந்த ஈ.ஆர்.சி. டேவிதாரை. எந்தப் பல்கலைக்கழகத்தின் ஆசனத்திலும் அமராமல், தம் தொழிலுக்கிடையே மலை மலையாக ஏறி, 1963இல் நீலகிரியையும் 1970களின் நடுப்பகுதியில் மேற்குத்தொடர்ச்சி மலை நெடுகவும் அவர் கணக்கெடுத்தார். மொத்தம் ஏறக்குறைய 2,200 என்பது அவர் கண்ட முடிவு. அவர் பிறந்த நாளாகிய அக்டோபர் 7ஐத் தமிழக அரசு வரையாடு தினமாக அறிவித்திருப்பது நியாயமான கௌரவம். 1969இல் விலங்கியல் ஆய்வாளர் ஜார்ஜ் ஷாலர் இரவிகுளத்துக்கு வந்து குறிப்பெடுத்தார். பத்தாண்டு கழித்து கிளிஃபோர்ட் ரைஸ் அங்கேயே தங்கி, ஆடி ஆவணி மழையில் கிடாய்கள் மந்தைக்குத் திரும்பிப் பெட்டைகளுக்காகப் பக்கவாட்டில் நின்று ஒன்றையொன்று அளந்துகொள்வது முதல், குட்டிகளுள் கணிசமானவை ஓராண்டு நிறையுமுன் மடிவது வரை, அதன் வாழ்க்கையை விரிவாக எழுதினார். இன்று நமக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி அந்த ஒரே பீடபூமியில், அந்தச் சில ஆண்டுகளில் கண்டவையே. அந்த அறிவை வறண்ட தெற்குச் சரிவுகளுக்கும் அப்படியே பொருத்திவிடுவது சரியா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தொகையைப்பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. 2015இல் உலக இயற்கை நிதியத்தின் இந்தியக் கிளை வெளியிட்ட மதிப்பீடு 3,122 என்றது. தமிழக அரசு 25 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் 2022 முதல் 2027 வரைக்கும் வகுத்த நீலகிரி வரையாடு திட்டத்தின்கீழ், 2024இல் நடந்த ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 1,031 என்று கண்டது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் கேரளத்தோடு ஒரே நாட்களில் சேர்ந்து எண்ணியபோது தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365, ஆக 2,668 என்றாயிற்று. ஓராண்டில் 272 கூடியதைக் கண்டு மகிழ்ந்தவர்களின் மகிழ்ச்சியைக் கெடுப்பது என் எண்ணமன்று. ஆனால் ஆண்டுக்கு ஒரு குட்டி ஈன்று, அதிலும் பலவற்றை இழக்கும் பிராணி இவ்வளவு விரைவில் பெருகுவது அரிது. பெருகியது பெரும்பாலும் எண்ணியவர்களின் கண்ணும் அனுபவமும் ஏறிய பாறைகளும் என்று கொள்வதே பொருத்தம். மேகம் ஒரு நாழிகை விலகினால் தெரியும் மந்தை, அது மூடினால் இல்லாததாகிவிடும் உயரங்களில், நாலைந்து ஆண்டுகள் ஒரே முறையில் தொடர்ந்து எண்ணினால்தான் ஏற்றமா இறக்கமா என்று துணிந்து சொல்ல முடியும். இரு மாநிலங்களும் ஒரே நாட்களில் சேர்ந்து எண்ணியதே இக்கணக்கெடுப்பின் மெய்யான பயன்.

துப்பாக்கி ஓய்ந்து அரை நூற்றாண்டு கழிந்தும் வரையாடு ஏன் பெருகவில்லை? இந்தக் கேள்விக்கு விடை பிராணியினிடத்தில் இல்லை. அது மேயும் புல்லில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் ஒரே செய்தி.

மேற்குமலைகளின் உச்சிகள் ஒரே காடாக அமைந்தவை அல்ல. நீரோடும் பள்ளங்களில் நெருக்கமான சோலை. அதைச் சூழ்ந்த மேடுகளிலும் சரிவுகளிலும் மரமற்ற புல்வெளி. இரண்டும் ஒன்றுக்கொன்று எல்லையிட்டு மாறி மாறி வருவது அந்நிலத்தின் இயல்பு. இதைக் கண்ட அன்னிய ஆட்சியாளர்கள், புல்வெளி என்பது காடு அழிந்த தரிசு என்று தீர்மானித்தனர்; சுதந்திரத்துக்குப் பின் வந்த நம் அதிகாரிகளும் அந்தத் தீர்மானத்தையே பின்பற்றினர். தேயிலை வந்தது, யூகலிப்டஸ் வந்தது, தோல் பதனிடும் பட்டைக்கும் செயற்கைப் பட்டு இழைக்கான மரக்கூழுக்கும் சீகை எனப்படும் வாட்டில் மரத்தை நீலகிரியிலும் பழனி மலையிலும் பரந்த புல்வெளிகளில் நட்டார்கள். நட்டவர்கள் தீய எண்ணம் கொண்டவர்களல்லர். வெறுமையாய்க் கிடப்பதாக அவர்கள் கருதிய நிலத்துக்கு மரம் தந்து உபகாரம் செய்வதாகவே நம்பினார்கள். அந்த நம்பிக்கை துப்பாக்கியைவிட அதிகமாக வரையாட்டின் வாழிடத்தைக் குறுக்கிவிட்டது.

புல்வெளி தரிசா, அன்றி ஆதிமுதல் உள்ள நிலமா என்ற வாதத்தில் இருதரப்பிலும் அறிஞர்கள் நின்றனர். தோதவர்களின் எருமை மேய்ச்சலும் மலைவாணர் இட்ட நெருப்புமே சோலையை அழித்துப் புல்லை உண்டாக்கின என்றனர் ஒருசாரார். திறந்த மேடுகளில் மார்கழி, தையில் இறங்கும் உறைபனி மரக்கன்றுகளைக் கருக்கிவிடுவதால் புல்லே அங்கு இயற்கையான உடைமையாளர் என்றனர் மற்றொரு சாரார். இவ்வழக்கில் எனக்கு வலுவாகத் தோன்றும் சாட்சி நீலகிரியின் சதுப்புகளிலிருந்து கிடைத்தது. அங்கே அடுக்கடுக்காய்ப் படிந்து மக்கிய தாவரக் கரிமண்ணை ஆராய்ந்து, ராமன் சுகுமாரும் அவர் கூட்டாளிகளும் 1993இல் வெளியிட்ட முடிவின்படி, 20,000 ஆண்டுகளுக்கு முன், மழை குன்றிய பனியூழிக் காலத்திலேயே, அம்மலைகளில் புல்வெளி பரந்திருந்தது; பருவநிலை ஈரமானபோது சோலை விரிந்தது, வறண்டபோது புல் விரிந்தது. ஆக, மனிதர் எருமையை ஓட்டிக்கொண்டு வருவதற்கு நெடுங்காலம் முன்பே புல் அங்கே இருந்தது. மேய்ச்சலும் நெருப்பும் எல்லைகளை அங்கங்கே நகர்த்தியிருக்கலாம். நிலத்தையே படைத்தன என்பது இனி நிற்காத வாதம்.

இந்தப் புல்லின் மகத்துவத்தை அடிவாரத்து விவசாயியும் அறியவேண்டும். அடர்ந்த வேர்ப்பரப்பு மழையை வாங்கி, மெல்ல மெல்ல ஓடைக்கு விடுகிறது. காரியாபட்டியை ஒட்டி ஓடும் குண்டாறு, சாப்டூருக்கு மேற்கே வருசநாட்டு மலைகளின் கீழ்ச்சரிவுகளில் பிறந்து, திருமங்கலம் வழியாக வந்து, திருச்சுழி, கமுதி கடந்து கடலை நாடுகிறது. ஐப்பசி மழையில் அதில் ஓரிரு வாரம் தண்ணீர் ஓடினால்தான் அந்தப் பக்கத்துக் கண்மாய்களில் பாதியேனும் நிறையும். அந்நீரில் நம் சமவெளி மழையின் பங்கே பெரிதாயினும், மலையிலிருந்து இறங்குவது எவ்வளவு காலம் தரிக்கிறது என்பதை நிர்ணயிப்பது மேலே இருக்கும் புல்லும் சோலையுமே.

இனி, நட்ட மரங்களை என்ன செய்வது? இங்கும் அபிப்பிராய பேதம் உண்டு. அன்னிய மரங்களை ஒரே மூச்சில் வெட்டிக் களைந்தால் புல் திரும்பும் என்று சிலர் நம்புகின்றனர். அவ்வாறு வெட்டிய இடங்களில் மண்ணில் கிடந்த வாட்டில் விதைகள் வெயில் கண்டதும் ஆயிரக்கணக்கில் முளைத்து, முன்னினும் நெருக்கமான புதராய் எழுந்ததைக் கண்டவர்கள் தயங்குகின்றனர். பழனி மலையிலோ, பழைய வாட்டில், பைன் தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே தலையெடுத்திருக்கின்றன. அவற்றை வெட்டுவது பிறந்துவரும் சோலையைக் கொல்வதாகும் என்பது அங்கு உழைப்போரின் வாதம். என் கருத்தில், சோலை எழுந்துவிட்ட இடத்தைச் சோலைக்கே விட்டுவிட்டு, புல்வெளியின் ஓரத்தில் இன்று ஊடுருவிக்கொண்டிருக்கும் இளமரங்களை ஆண்டுதோறும் கையால் பிடுங்குவதே முதற்கடமை. மீட்பது கடினம், எஞ்சியதை இழக்காதிருப்பது எளிது. ஆனாலும் மீட்பு இயலாததன்று. மூணாறுக்குக் கிழக்கே வட்டவடையை அடுத்த பழத்தோட்டத்தில், அங்குள்ள மக்களே நாட்டுப்புல்லை நாற்றாக்கி நட்டு, மரத்தோப்பாயிருந்த சரிவுகளைப் புல்வெளியாக்கியிருக்கிறார்கள். தமிழக அரசின் திட்டமும் அப்பர் பவானியில் சோலைப் புல்வெளி மீட்பை ஓர் அங்கமாக வைத்திருக்கிறது.

நிலத்தைவிட்டுப் பிராணியை மட்டும் நோக்கினால் என்ன நேரும் என்பதற்கு உலகில் ஓர் உதாரணம் இருக்கிறது. இமயத்துத் தாரை 1904இல் நியூசிலாந்தின் குக் மலைப் பகுதியில் கொண்டுபோய் விட்டார்கள். அதை வேட்டையாட அங்கே சிறுத்தையோ செந்நாயோ இல்லை. அவ்வளவு பெரிய மேய்ப்பிராணியைக் கண்டிராத மென்மையான மலைத்தாவரங்கள் எங்கும் இருந்தன. பெருகிய தார்கள் அவற்றை மொட்டையடிக்க, இன்று அந்நாட்டு அரசு ஹெலிகாப்டரிலிருந்து அவற்றைச் சுட்டுக் குறைத்துவருகிறது. தன் புல்லில் நிற்கும் பிராணி அம்மலையின் அங்கம். அந்தப் புல்லினின்று பிரித்தால் அதன் பொருளே வேறாகிவிடுகிறது. வரையாட்டைக் கூண்டில் பெருக்கி, பின்பு அங்கங்கே விட்டால் போதும் என்று பேசுவோர் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

முன்னர் ஒத்திவைத்த சந்தேகத்துக்கு வருகிறேன். வரையாட்டின் வாழிடம் நீலகிரி தொடங்கிக் கன்னியாகுமரி மாவட்டத்து மலைகள்வரை ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளம் கொண்டது. ஆனால் அது இடையறாத நிலமன்று, கடலில் சிதறிய தீவுகளைப்போல் ஒன்றைவிட்டு ஒன்று விலகிய உச்சிகள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ளவை மரபணுவிலேயே வேறுபட்டவை. தெற்குக் கூட்டத்துக்கு உயிர்நாடி இரவிகுளமும் ஆனைமலையும். இரவிகுளத்தில் மட்டும் 800க்கு மேற்பட்டவை வாழ்கின்றன. அதற்கும் தெற்கே மேகமலை, ஸ்ரீவில்லிபுத்தூர், களக்காடு, அகத்தியமலை என்று போகப்போக மந்தைகள் சிறியனவாகி, இடைவெளி பெரிதாகிறது. 1988இல் நரை அணிலுக்காக அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம் 2021இல் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. அணிலுக்கும் புலிக்கும் கிடைத்த கீர்த்தி அம்மலையின் வரையாட்டுக்குக் கிடைக்கவில்லை. சதுரகிரிக்கு ஆடி அமாவாசையில் வத்திராயிருப்பிலிருந்து ஏறும் ஆயிரமாயிரம் பக்தர்களுள், அதே மலைத்தொடரின் உச்சிகளில் தங்கள் மாநில விலங்கு மேய்கிறது என்று அறிந்தவர் மிகச் சிலரே.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளின் கிழக்குமுகம் இரவிகுளத்தைப்போல் மழை சொரியும் பீடபூமியன்று. தென்மேற்குப் பருவமழையின் மறைவில் நிற்கும் சரிவு அது. பாறை மிகுதி, புல் குறைவு, உச்சிக்கும் ஊருக்கும் இடையே தூரமும் சொற்பம். இங்கே மாசி, பங்குனியில் காய்ந்த புல்லில் பற்றும் தீ ஓர் உச்சி முழுவதையும் விழுங்கிவிடக்கூடும். அத்தருணம் குட்டிகள் பிறந்து சில வாரமே ஆன காலம் என்பதை மறக்கலாகாது. அடிவாரத்தில் மேயும் மந்தைகளில் ஆட்டுக்கொல்லி நோய் பரவும் ஆண்டுகளில், செம்மறிக்கு உறவான இப்பிராணியையும் அது தொற்றும் அபாயம் உண்டு. ஆகையால் மலையடிவாரக் கிராமங்களில் கிடைகளுக்குத் தவறாமல் தடுப்பூசி போடுவது ஆட்டுக்காரருக்கும் வரையாட்டுக்கும் ஒருசேர நன்மை தரும் காரியம். வெப்பம் ஏற ஏற, உயரம் குறைந்த இத்தகைய உச்சிகளே முதலில் தகுதி இழக்கும். ஏறிப்போக மேலே மலை மிச்சமில்லாத பிராணிக்கு, பக்கத்து உச்சிக்குப் போகும் வழி ஒன்றே போக்கிடம்.

அந்த வழிகள் எங்கே இருக்கின்றன, எந்த உச்சியில் எந்தப் புல் எவ்வளவு பரப்பில் இருக்கிறது, லந்தானா என்னும் அன்னியப் புதர்ச்செடி எதுவரை ஏறியிருக்கிறது, சென்ற பத்தாண்டில் தீ எந்தச் சரிவுகளைத் தொட்டது என்பவற்றை ஓர் உச்சி விடாமல் அளந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் பகுதிக்கென ஒரு புல்வெளி வரைபடம் தயாரிப்பது, ஆடுகளை எண்ணுவதற்கு அடுத்த காரியமன்று, அதற்குச் சமமான காரியம். வரையாடு திட்டத்தின் தவணை 2027இல் முடிகிறது; நட்ட புல் வேர் பிடித்து மந்தையைத் தாங்குவதற்கு அதைவிட நீண்ட காலம் வேண்டும் என்பதால், மேய்ச்சல் நில மீட்புக்கு மட்டுமாவது தவணையை நீட்டித் தனி நிதி ஒதுக்கவேண்டும். விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களில் தாவரவியல் கற்பிக்கும் கல்லூரிகள் பல இருக்கின்றன; அங்குள்ள மாணவர்களை வனத்துறையின் காவலரோடும், மலையை உள்ளங்கைபோல் அறிந்த பளியர் குடியினரோடும் சேர்த்து இந்த அளவைக்கு அனுப்பினால், இரண்டு கோடைகளுக்குள் முதல் வரைபடம் கைக்கு வந்துவிடும். அதில் பங்குகொள்ளும் பளியருக்கு நாட்கூலி மட்டும் கொடுத்து அனுப்பிவிடாமல், அவர்கள் ஒவ்வொரு புல்லுக்கும் பாறைக்கும் வழங்கும் பெயர்களையும் அந்த வரைபடத்திலேயே பொறிக்கவேண்டும்.